விமானத்தின் இருமலைக் கேட்டவள்

அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் உடனே வராது. "நேத்து மழை பெஞ்சுதா அக்கா?" என்று கேட்டால்கூட ஒரு கணம் யோசிப்பாள். பிறகு, "கூரை மேல சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து பாக்கல. காலையில மண்ணு ஈரமா இருந்துச்சு" என்பாள். மழை பெய்தது என்ற ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வராது. அதை நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுபதுகளின் பின்பாதியில் ஜவ்வாது மலையில் இருந்த ஒரு காட்டிலாகா அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்து நாலு வயது. சமவெளிக்காரன். அவளுக்கு நாற்பது இருக்கலாம். வயதைக் கேட்டபோது, "பஞ்சத்துல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். நான் பாக்கல" என்றாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுடைய பிள்ளைகள் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறார்கள். நான் கேட்டிருந்தால் எழுது என்றோ வேண்டாம் என்றோ அவள் சொல்லியிருப்பாள். கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவளுடைய இந்தக் குணத்தால் ஊரில் அவளுக்குச் சிநேகிதர்கள் குறைவு. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரனின் ஆடு காணாமல் போயிற்று. சிறுத்தை அடித்துவிட்டது என்று அவன் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்தான். அந்தப் பக்கம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இவளைச் சாட்சி என்று கூட்டி வந்தான். ரேஞ்சர் கேட்டார்.

"சிறுத்தையைப் பாத்தியாம்மா?"

"ஆடு ஒரு தரம் கத்துச்சு. உண்ணிச்செடி அசைஞ்சுது. அப்பறம் ஒண்ணும் கேக்கல."

"அதான், சிறுத்தைதானே?"

"செடி அசைஞ்சுது சாரு."

பக்கத்து வீட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளத்தில் ஆட்டின் தோலும் பக்கத்திலேயே சிறுத்தையின் கால்தடமும் கிடைத்தன. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளே அலுவலகத்தில் சொன்னாள்: "இப்பப் பாத்தேன். சிறுத்தைதான்."

அவளுடைய காது சாதாரணக் காது இல்லை. மலைப்பாதையில் இரண்டு வளைவுக்குக் கீழே ஜீப் வரும்போதே, "ரேஞ்சரு ஜீப்பு வருது. ஓட்றது டிரைவர் இல்ல" என்பாள். டிரைவர் லீவில் போயிருந்த அன்று ரேஞ்சரே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "டிரைவரு மேடு வர்றதுக்கு முன்னாடியே கியரை மாத்துவாரு. இவரு வண்டி மூச்சு வாங்கின அப்பறம் மாத்துறாரு" என்றாள். அவள் ஜீப்பில் ஏறியதே கிடையாது. கியர் என்ற சொல்லை டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். தெரியாத ஒன்றைப் பார்த்தால் யாரையாவது பிடித்து நிறுத்தி அதன் பெயரைக் கேட்டுவிடுவாள்.

அவளுடைய கணவன் எங்கள் அலுவலகத்தின் தீக்காவல் ஆள். தை கடந்து புல் காய ஆரம்பித்தால் மழை வரும்வரை மலையில் எங்கே வேண்டுமானாலும் தீப்பிடிக்கும். உயரமான பாறை ஒன்றில் ஓர் ஆள் பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புகை தெரிந்தால் தகர டின்னைத் தட்டினால் போதும். கீழே இருக்கும் நாங்கள் பச்சைத் தழைகளோடு ஓடுவோம். அது தற்காலிக வேலைதான். ஆனாலும் தொடர்ந்து செய்தவர்களுக்கு என்றாவது நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கை இருந்தது. அவனும் ஆறு கோடையாக அந்த நம்பிக்கையில் பாறையில் உட்கார்ந்திருந்தான்.

அந்த வருஷம் மாசியில் புளி உலுக்க ஏறியவன் கிளை முறிந்து கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தான். மறுநாளிலிருந்து பாறையில் அவள் உட்கார்ந்தாள். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ரேஞ்சர் கண்டும் காணாததுபோல் இருந்தார். நானோ வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் வருகைப் பதிவேட்டில் அவனுடைய கைநாட்டை வாங்கி வந்தேன். அவன் வந்ததாக எழுதியவன் நான்தான். அதைத் தப்பென்று அப்போது நினைக்கவில்லை. வேலை நடக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

பாறைக்கு மேலேதான் விமானங்கள் போகும்.

பட்டாளத்து விமானங்கள். எந்தத் தளத்திலிருந்து வருகின்றன என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பயிற்சி என்று சொன்னார்கள். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் முன்வெயில் நேரத்தில் ஒன்றோ இரண்டோ கிழக்கிலிருந்து வந்து மலையைத் தாண்டி மேற்கே போகும். நாங்கள் முதலில் அண்ணாந்து பார்த்தோம். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டோம். அவளுக்கு மட்டும் பழகவேயில்லை.

ஒருநாள் மதியம் பாறையிலிருந்து இறங்கி வந்தவள், அலுவலக வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"சாரு, ஏரோப்பிளேனுக்கு வயசு உண்டா?"

"இன்னா அக்கா இது கேள்வி?"

"மாட்டுக்குப் பல்லைப் பாத்தாத் தெரியும். மரத்தை வெட்டினாத் தெரியும். இதுக்கு இன்னாத்தைப் பாப்பாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். சிரிப்பு வந்தது. அவள் விடவில்லை.

"தெனம் வர்றது எல்லாம் ஒரே சத்தம் இல்ல சாரு. ஒண்ணு நல்லாப் போவுது, துணி கிழிக்கிற மாதிரி. இன்னொண்ணு இருமுது. மூணு நாளா இருமுது. வயசாயிருக்குமோன்னு கேட்டேன்."

"இருமுதா?"

"ஆமா. போய்க்கிட்டே இருக்கும். நடுவுல தொண்டை அடைச்ச மாதிரி ஒரு எடம் வரும். அப்பறம் விடும்."

நான் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இந்தப் பேச்சு நடந்தது சந்தை நாளுக்கு மறுநாள். இதைப் பிறகு நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று நான் அக்கறையாகக் கேட்டிருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? மலைக்காட்டில் ஒரு பெண்ணுக்கு விமானம் இருமுவதுபோல் கேட்கிறது என்று எந்த விலாசத்துக்கு எழுதியிருப்பேன்?

அடுத்த நாள் விமானம் விழுந்தது.

எங்களுக்கு வெடித்த சத்தம் கேட்டது. அலுவலகத்தின் ஓடுகள் அதிர்ந்தன. வெளியே ஓடி வந்தபோது தெற்குச் சரிவில் கறுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. பாறையிலிருந்து டின் சத்தம் விடாமல் வந்தது. தழைகளை ஒடித்துக்கொண்டு ஓடினோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவளும் பாறையிலிருந்து இறங்கி வந்து தீயை அடித்துக்கொண்டிருந்தாள். புளியமரங்களை முறித்துக்கொண்டு விமானம் சரிவில் மோதியிருந்தது. தகடுகள் எங்கும் கிடந்தன. கொஞ்ச தூரம் தள்ளி, இருக்கையோடு, அந்த விமானி. உயிர் இல்லை. இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். மற்றவர்கள் கிட்டே போகத் தயங்கி நின்றார்கள். அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் முகத்தில் போட்டுவிட்டு மறுபடி தீயை அடிக்கப் போனாள்.

சாயங்காலத்துக்குள் பட்டாளத்தார் வந்து இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மறுநாள் விமானி யார் என்று தெரிந்தது. மலைக்குக் கீழே வாணியம்பாடிப் பையன். தோல் மண்டியில் மேஸ்திரியாக இருந்தவரின் மகன். அது தெரிந்ததும் ஊர் தானாக ஒரு கதை கட்டிவிட்டது. சொந்த ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் பையனுக்குக் குஷி பிறந்துவிட்டதாம், தாழப் பறந்து வேடிக்கை காட்டினானாம், பெரிய சத்தத்தோடு மரத்துக்கு மேலே வந்தானாம், அப்படியே மோதிவிட்டானாம். டீக்கடையில் ஒருவர், பையன் கை அசைத்ததைக்கூடப் பார்த்தேன் என்றார். வேறு சிலர் இன்னொரு கதை சொன்னார்கள். ஊர்மேல் விழாமல் இருக்கத் திருப்பிக்கொண்டு போய் உயிரை விட்டானாம். இரண்டு கதையும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் சொல்லப்பட்டன.

அவளிடம் கேட்டேன். அவள் வழக்கம்போல் யோசித்தாள்.

"சத்தம் இல்லாம வந்துச்சு சாரு" என்றாள்.

"சத்தம் இல்லாமலா? எல்லாரும் பெரிய சத்தம்னு சொல்றாங்களே."

"அது விழுந்தப்ப வந்த சத்தம். வர்றப்ப சத்தம் இல்ல. கெழக்க இருந்து வர்றப்பவே இருமுச்சு. அப்பறம் நின்னுபோச்சு. காத்து மட்டும் விர்ருன்னு கேட்டுச்சு. ஒரு தரம் உறுமுச்சு, நின்னுச்சு. இன்னொரு தரம் உறுமுச்சு, நின்னுச்சு. தெக்கால திரும்புச்சு. மரத்துக்குப் பின்னாடி போச்சு. அப்பறம் வெடிச்சுது."

"ஊரு மேல விழக்கூடாதுன்னுதான் திருப்பினானா?"

"எதுக்குத் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியாது. திரும்புச்சு."

நாலைந்து நாளில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். காதோரம் நரைத்தவர், இயந்திரப் பிரிவுக்காரர். விரல் நகங்களின் ஓரத்தில் போகாத எண்ணெய்க் கறை. தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் சொல்லி, பதிலை எழுதி, திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

அவர் வருவதற்கு முன்தினம் ரேஞ்சர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பாறையில இருந்த ஆளோட வாக்குமூலம் கேப்பாங்க. அவ புருஷன் பேர்ல எழுதிடு. காவல்ல இருந்தேன், தாழ வந்துச்சு, பெரிய சத்தம், மோதிடுச்சு. அவ்ளோதான். எல்லாரும் அதத்தானே சொல்றாங்க."

"அந்த அக்கா வேற மாதிரி சொல்லுது சார்."

"அவ உக்காந்திருந்தான்னு எழுதினா இன்னா ஆவும் தெரியுமா? பதிவேட்டுல கைநாட்டு யாருது, வாங்கினது யாருன்னு கேப்பாங்க. மொதல்ல உன் வேலை. அப்பறம் என் வேலை. அவ புருஷனுக்கு இந்த ஜென்மத்துல நிரந்தரம் கிடையாது. யோசிச்சுக்க."

யோசித்தேன். எழுதினேன். அவளுடைய கணவன் சொன்னதாக ஐந்தாறு வரி. அதை எழுதியதில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது.

மறுநாள் காலை அலுவலக முற்றத்தில் மேஜை போட்டிருந்தோம். கணவன் கைத்தடி ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தான். அவளும் கூட வந்து ஓரமாக நின்றாள். நான் எழுதியதைச் சட்டப்படி உரக்கப் படித்தேன். "சரிதானே?" என்று கேட்டேன். அவன் கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்துவிட்டான்.

"அவரு கேக்கல" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"அவரு வூட்டுல கட்டில்ல கெடந்தாரு. நான்தான் பாறையில இருந்தேன். கேட்டது நான்."

"ஏ, சும்மா கெட" என்றான் கணவன்.

"நீ கேட்டியா? சொல்லு. சத்தம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லு பாக்கலாம்."

அவன் மை ஒட்டிய விரலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறார் அந்த அம்மா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

குடும்ப விஷயம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எதை மாற்றிச் சொன்னாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அப்படிப்பட்ட ஒருத்தியின் முன்னால் என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. சொன்னேன். பாறையில் இருந்தவள் அவள், கணவன் அல்ல, பதிவேட்டில் எழுதியது பொய், எழுதியவன் நான். எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். ரேஞ்சர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதிகாரி பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியைத் திருப்பி அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார். எப்படி இருந்தது அந்தச் சத்தம் என்று கேட்டார்.

அவள் வாயாலேயே செய்து காட்டினாள். நாங்கள் வெட்கப்பட்டுச் சிரிக்கக்கூடிய காரியம் அது. யாரும் சிரிக்கவில்லை. நீளமாக ஒரு ரீங்காரம். நடுவில் தொண்டை அடைத்ததுபோல் ஒரு விக்கல். மறுபடி ரீங்காரம். அதிகாரியின் பேனா நின்றது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தாள். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று கேட்டார். அவள் கண்ணை மூடி விரலால் மேஜையில் தட்டிக் காட்டினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"எத்தனை நாளாக?"

"சந்தைக்கு மொத நாளு ஆரம்பிச்சுது. சந்தை அன்னிக்கும் இருமுச்சு. மறுநாளும். நாலாம் நாளு விழுந்துச்சு."

அதிகாரி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். சந்தை என்ன கிழமை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். தாளை மடித்து வைத்தார். அவர் முகம் மாறியிருந்தது. விழுந்த விமானம் அந்த நாலு நாளும் இந்த வழியாகப் பறந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அவள் அவரையும் ஒரு கேள்வி கேட்டாள். என்னிடம் கேட்ட அதே கேள்விதான். நான் மொழிபெயர்த்தேன். ஏரோப்பிளேனுக்கு வயது உண்டா?

அவர் பேனாவை மூடினார். பிறகு, "உண்டு. இந்த விமானத்துக்கு அதை ஓட்டிய பையனைவிட வயது அதிகம். உறுப்புகளை மாற்றி மாற்றிப் பறக்கவிடுகிறோம்" என்றார். நான் அதைச் சொன்னதும் அவள் தலையாட்டினாள்.

"அப்ப இருமுனது அந்த வயசாலதானா?"

"தெரியாது அம்மா. திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் அன்று கிளம்பவில்லை. மறுநாள் காலை அவளோடு பாறைக்கு வந்தார். நானும் போனேன். வழக்கமான நேரத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எனக்கு இரண்டும் ஒரே சத்தம். அவள் சொன்னாள்: "மொதல்ல போனது நல்லா இருக்குது. பின்னால போனதுக்கும் அந்தத் தொண்டை அடைப்பு வருது. ஒரே ஒரு தரம். லேசா." அதிகாரி நேரத்தைக் குறித்துக்கொண்டு அவசரமாகக் கீழே இறங்கினார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விமானங்கள் வருவது நின்றது. ஒரு வாரம் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வைகாசி மழைக்குப் பிறகுதான் மறுபடி வர ஆரம்பித்தன.

ஆனால் அதைக் கேட்கப் பாறையில் அவள் இல்லை. அவளுடைய கணவனைத் தீக்காவலிலிருந்து நீக்கி உத்தரவு வந்துவிட்டது. ஆறு கோடை வேலை செய்தது கணக்கிலேயே வரவில்லை. எனக்குச் செங்கத்துக்கு மாற்றல், கூடவே விளக்கம் கேட்டு ஒரு கடிதம், ஒரு கண்டனம். ரேஞ்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று முடிந்தது.

கிளம்புகிற அன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "ஏரோப்பிளேனுக்கு நாயம் பேசி எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டா சாரு" என்றான். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து மெதுவாகக் கேட்டேன்.

"வருத்தமா இருக்குதா அக்கா?"

"இருக்குது சாரு. ராவெல்லாம் இருக்குது. இல்லேன்னு யாரு சொன்னது?" என்றாள். முறத்தைத் தட்டி நிறுத்தினாள். "ஆனா அவரு கேக்கலையே."

அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சாமை விதைத்தார்கள், கடுக்காய் பொறுக்கினார்கள், புளி உலுக்கினார்கள். கால் சரியானதும் கணவன் கீழ்நாட்டுக்குக் கரும்பு வெட்டப் போனான். அவளோடு அவன் சரியாகப் பேச ஏழெட்டு மாதம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. அவளைப் பற்றி எழுதும்போது இப்படிச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

அடுத்த தையில் செங்கம் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் ரெக்ஸின் பை. வாணியம்பாடியிலிருந்து வருவதாகச் சொன்னார். அந்தப் பையனின் தகப்பனார்.

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அந்த நரைத்த அதிகாரி எழுதியது. விசாரணை முடிந்தது, இயந்திரம் பறக்கும்போதே நின்றிருக்கிறது, உள்ளே தேய்ந்துபோன ஓர் உறுப்பால் எரிபொருள் போவது தடைப்பட்டிருக்கிறது, விமானியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சத்தத்தைக் கேட்டுச் சொன்ன பெண்ணையும் மொழிபெயர்த்த என்னையும் அதில் குறிப்பிட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு செய்தியும் இருந்தது. ஒவ்வொரு தரம் இறங்கியதும் விமானிகள் குறைகளை எழுதும் புத்தகத்தில், விழுவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் இவருடைய மகனே எழுதியிருக்கிறான், இயந்திரம் நடுவில் தடுமாறுகிறது என்று. பக்கத்துக் கட்டத்தில் பழுதுபார்ப்பவர் எழுதியிருக்கிறார், தரையில் ஓட்டிப் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்று.

"தரையில சரியா இருந்துச்சாம் தம்பி" என்றார் பெரியவர். அதை இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகு, "அந்த அம்மாவைப் பாக்கணும்" என்றார்.

பஸ் பிடித்து மலைக்குப் போய், கொஞ்ச தூரம் நடந்து, உச்சி வெயில் சாயும்போது போய்ச் சேர்ந்தோம். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இவர் யார் என்று நான் சொன்னதும் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடிக்கும்வரை காத்திருந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"எங்க புள்ளைய நீ பாத்தியாம்மா?"

"விழுந்த அப்பறம் பாத்தேன். மேல இருக்கறப்ப பாக்கல. ஏரோப்பிளேனைத்தான் பாத்தேன்."

"இன்னா கேட்டே? எனக்குச் சொல்லு."

அவள் சொன்னாள். இருமியது, நின்றது, காற்றுச் சத்தம், ஒரு தரம் உறுமியது, இன்னொரு தரம் உறுமியது, தெற்கே திரும்பியது, மரத்துக்குப் பின்னால் போனது, வெடித்தது. முற்றத்தில் அதிகாரியிடம் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சொல்கூட வித்தியாசமில்லை.

பெரியவர் தயங்கினார். "அப்பான்னு கத்தினான்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. எங்க ஊருப் பக்கம் கை காட்டினான்னு ஒருத்தர். அல்லாவைக் கூப்பிட்டான்னு ஒருத்தர். ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்கம்மா. நான் தெனம் ராத்திரி ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன். அவன் கத்தினானா?"

"அந்தத் தொலைவுல ஆளு கொரலு கேக்காதுங்க. கேட்டேன்னு யாராச்சும் சொன்னா அது பொய்."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவளைக் கோபமாகப் பார்த்தேன். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று எனக்கு இருந்தது. துண்டை எடுத்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. எதையோ இறக்கி வைத்தவர்போல் மூச்சு விட்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டு தரம் உறுமியது என்ற இடம் வந்ததும் அவர் இரண்டு விரலை உயர்த்தினார்.

"ரெண்டு தரம். ரெண்டு தரம் இஞ்சினைப் போட்டுப் பாத்திருக்கான்."

"போட்டானா, அதுவா உறுமுச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு தரம் உறுமுச்சு."

"அது போதும்" என்றார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். அவரும் எழப்போனார். அவள் எழவில்லை.

"நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன்" என்றாள். "அந்தப் புள்ள எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பாத்தவரு. சொல்லுங்களேன்."

பெரியவர் அவளைப் பார்த்தார். மகன் இறந்த இந்தப் பத்து மாதத்தில் அவரிடம் எல்லோரும் எதையோ சொன்னார்களே தவிர, யாரும் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். ரெக்ஸின் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சின்னதுல ரொம்பப் பயந்தாங்கொள்ளிம்மா. மொட்டை மாடிக்குக்கூட ஏற மாட்டான்..." என்று ஆரம்பித்தார்.

அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை.